கடுவன் பூனையின் நீர்க்கடுப்பு எல்லாம் தொற்று அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் செல்லப் பிராணிகள் கேள்வி பதில் பகுதியில் சில வாரங்களுக்கு முன் ஒரு வாசகர் தம் பூனையைப் பற்றிக் கேட்டிருந்தார். மூன்று வயதான அந்த ஆண் பூனை ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவதாகவும், சொட்டுச் சொட்டாக மட்டுமே சிறுநீர் வருவதாகவும், அதில் இரத்தச் சாயல் தெரிவதாகவும் எழுதியிருந்தார். இது கிருமித் தொற்றா, விதை நீக்கம் செய்யாமல் விட்டதால் வந்த ஆண் சுரப்பிக் கோளாறா என்பது அவருடைய கேள்வி. இரண்டுமாக இருக்கலாம் என்று பதில் சொல்லி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையின் பெயரையும் அளவையும் குறித்து, அதை ஐந்து நாள் கொடுக்கவும், நிறைய இளநீர் புகட்டவும், குணமானதும் விதை நீக்கம் செய்துவிடவும் ஆலோசனை வழங்கப்பட்டிருந்தது. அரசுக் கால்நடை மருந்தகங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதிலைப் பின்பற்றும் வாசகர்களில் சிலர் தங்கள் பூனையை இழக்க நேரலாம் என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; இடம் கருதித் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் அடுத்த பத்தியை மட்டும் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

முக்கும் ஆண் பூனையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சிறுநீர் வெளியே போகிறதா, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாயைச் சிறுநீர்த் தாரை என்கிறோம். பெண் பூனையின் தாரை குட்டையானது, அகலமானது. ஆண் பூனையினுடையது நீளமானது, போகப் போகக் குறுகுவது. குறிக்குள் நுழையும் இடத்தில் அதன் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை, ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான். மணல் போன்ற படிகங்களும் சளியும் திரண்ட ஒரு சிறு கட்டியோ, வீக்கத்தால் வரும் இறுக்கமோ அந்த வழியை முழுவதுமாக மூடிவிடப் போதும். மூடிய பிறகு வெளியேற வேண்டிய கழிவும் பொட்டாசியமும் இரத்தத்திலேயே தேங்குகின்றன. ஒன்று முதல் இரண்டு நாள்களுக்குள் பூனை சோர்ந்து, வாந்தி எடுத்து, உணவை மறுக்கிறது. பொட்டாசியம் ஏற ஏற இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்து, அடைப்பு நீக்கப்படாவிட்டால் பெரும்பாலும் மூன்று நாள்களுக்குள் இறந்துபோகிறது. இதில் ஐந்து நாள் மாத்திரைக்கு இடமே இல்லை. அடைத்த பூனையின் அடிவயிற்றில் சிறுநீர்ப்பை சாத்துக்குடி போல உருண்டு கெட்டியாகத் தட்டுப்படும். அடைப்பு இல்லாமல் அழற்சி மட்டும் உள்ள பூனையின் பை ஏறத்தாழக் காலியாக இருக்கும், கைக்கு அகப்படாது. மருத்துவர் கை வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிற வேறுபாடு இது. வீட்டில் உள்ளவர்கள் அழுத்திப் பார்க்க முயல வேண்டாம், பை கிழிந்துவிடும் அபாயம் உண்டு. மணல் தட்டில் ஈரம் இல்லை, பூனை முக்குகிறது என்றால் அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பூனை முக்குவதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பணிக்காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் பூனை உட்காரும் விதம் ஒன்று போலவே இருக்கும். ஆனால் இளநீர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நமக்கு நீர்க்கடுப்பு என்றால் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் நல்லவைதான். இளநீரில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம். சிறுநீர் அடைத்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, அதனாலேயே இதயம் தடுமாறிக்கொண்டிருக்கும் பூனையின் வாயில் ஊசிக்குழல் வைத்து இளநீரைப் புகட்டினால் அதற்கு நாம் செய்வது என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடைத்த பூனைக்கு மருத்துவமனையில் நாங்கள் முதலில் செய்வதே கால்சியம் குளுக்கோனேட் ஊசியால் இதயத்தைக் காப்பதும், டிரிப்ஸ் ஏற்றுவதும், கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைத் தாரைக்குள் நுழைத்துப் பையைக் காலி செய்வதும்தான்.

இனித் தொற்றுக்கு வருகிறேன். பாக்டீரியா தொற்றினால் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறது, ஆனால் இளம் வயதிலும் நடுவயதிலும் அது அரிது. நீர்க்கடுப்போடு வரும் பூனைகளில் எத்தனைக்கு உண்மையான தொற்று இருக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பழைய ஆய்வுகள் பார்த்தபோது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் கிடைத்தது. ஐரோப்பிய ஆய்வுகள் சிலவற்றில் அதைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது என்றாலும், எந்த ஆய்விலும் பெரும்பான்மை இடம் தொற்றுக்கு இல்லை. பாலைவனக் காட்டுப் பூனையின் வழிவந்த விலங்கு நம் வீட்டுப் பூனை. கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, மிக அடர்த்தியான சிறுநீரைக் கழிக்கிறது. அந்த அடர்த்தியில் பாக்டீரியா எளிதாகப் பெருக முடிவதில்லை. பாதிக்கும் மேற்பட்ட பூனைகளுக்கு இருப்பது காரணம் துலங்காத சிறுநீர்ப்பை அழற்சி என்று நாங்கள் அழைக்கும் நோய். இதில் கிருமி இல்லை, கல் இல்லை. மன அழுத்தத்துக்கும் சிறுநீர்ப்பைச் சுவருக்கும் இடையிலான நரம்புத் தொடர்பே கோளாறாகியிருக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் டோனி பஃபிங்டன் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, நோய் சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை, பூனையின் உடல் முழுவதையும் வாழும் சூழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று காட்டினார். வீட்டுக்கு வெள்ளையடிப்பு, புதிதாக வந்த இன்னொரு பூனை, ஊரிலிருந்து வந்து தங்கிய உறவினர் கூட்டம், தீபாவளி வெடி என்று நம் ஊர் வீடுகளில் இதற்கான தூண்டுதலுக்குப் பஞ்சமில்லை. தீபாவளிக்கு அடுத்த வாரம் மருந்தகத்துக்கு முக்கும் பூனைகள் கூடுதலாக வருவதை நானே கவனித்திருக்கிறேன். கணக்கெடுத்து வைக்காமல் போனேனே என்று இப்போது தோன்றுகிறது.

ஆன்டிபயாட்டிக் மீதான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. அடைப்பு ஏற்படாத வரை இந்த அழற்சி மருந்தே இல்லாமல் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள்களில் தானாகவே தணிந்துவிடுகிறது. ஐந்து நாள் மாத்திரை கொடுக்கிறோம். ஐந்தாம் நாள் பூனை ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறது. பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வரும்போது, சென்ற முறை கேட்ட மருந்து ஆயிற்றே என்று அதையே மீண்டும் வாங்குகிறோம், அல்லது அதைவிட வீரியமான ஒன்றைக் கேட்கிறோம். உரிமையாளர்கள் மட்டுமல்ல, மருத்துவர்களாகிய நாங்களும் இதே மயக்கத்தில் நெடுங்காலம் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணியில் சேர்ந்த முதல் பத்து ஆண்டுகளில் நான் எழுதிக்கொடுத்த சீட்டுகளில் கணிசமானவை தேவையற்றவை என்றே இன்று கருதுகிறேன்.

அப்படியானால் உண்மையான தொற்று யாருக்கு வருகிறது? பத்து வயதைக் கடந்த பூனைகளுக்கு; சிறுநீரகம் நாள்பட்டுப் பழுதாகியவற்றுக்கு, சர்க்கரை நோயோ தைராய்டு மிகைச் சுரப்போ உள்ளவற்றுக்கு; சிறுநீரின் அடர்த்தி குறைந்துபோய், கிருமிக்கு இடம் கொடுக்கத் தொடங்கிய உடல்களுக்கு. அடைப்பு நீக்கக் கதீட்டர் போட்டிருந்த பூனைக்கும் வரலாம். அந்தக் குழாயே கிருமிக்குப் பாதை ஆகிவிடுகிறது. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் பூனைக்குக் குறுகலான பகுதியை அறுத்து நீக்கிப் புதிய வாய் அமைக்கும் அறுவை செய்தால், இயற்கையான தடுப்பு போய்விடுவதால், அதன் பிறகு தொற்று வாய்ப்பு வாழ்நாள் முழுவதும் கூடுதலாகவே இருக்கும். இவற்றில் பெரும்பாலும் காணப்படும் கிருமி குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா, அதற்கடுத்து என்டரோகாக்கஸ், ஸ்டைஃபிலோகாக்கஸ் வகைகள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைச் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அந்தச் சிறுநீரையும் மணல் தட்டிலிருந்தோ தரையிலிருந்தோ எடுத்தால் பயனில்லை, தோலிலும் தரையிலும் உள்ள கிருமிகள்தான் அதில் முளைக்கும். வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திப் பையிலிருந்தே எடுக்க வேண்டும். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும், பெரும்பாலான பூனைகள் இதைக் காதில் குத்தும் ஊசியை விட அமைதியாகப் பொறுத்துக்கொள்கின்றன. செல்லப் பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கம் 2019-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன: அறிகுறியோடு எப்போதாவது வரும் எளிய தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் மருந்து போதும், சிறுநீரில் கிருமி தென்பட்டாலும் பூனைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் பொதுவாக மருந்தே வேண்டியதில்லை.

வாசகர் கேட்ட சுரப்பிக் கோளாறு பற்றித் தங்கள் பதில், நாய்க்கு உரிய பாடத்தைப் பூனைக்கு ஒப்பித்தது போல இருந்தது. விதை நீக்கம் செய்யாத கிழ நாய்களில் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது மிகச் சாதாரணம். அது சிறுநீர்த் தாரையைச் சுற்றிச் சூழ்ந்திருப்பதால் தொல்லையும் தரும். பூனையின் புராஸ்டேட் மிகச் சிறியது, தாரையின் மேற்புறத்தையும் பக்கங்களையும் மட்டுமே தழுவிக்கொண்டிருப்பது. வயதாக வயதாக நாயினுடையதைப் போலப் பெருப்பதும் இல்லை. அதில் சீழோ புற்றோ வருவது மிக மிக அரிது. என் பணிக்காலத்தில் ஒரே ஒரு பூனையில் மட்டுமே புராஸ்டேட் அழற்சியை ஸ்கேனில் கண்டேன். விதை நீக்கம் செய்யப்படாத, எட்டு வயதான தெருக் கடுவன் அது. ஒரே கிருமி மூன்று முறை திரும்பத் திரும்ப வந்ததனால்தான் சந்தேகமே எழுந்தது. இப்படிப்பட்ட நிலையில் ஐந்து நாள் மருந்து போதவே போதாது. சுரப்பியின் உள்ளே ஊடுருவக்கூடிய மருந்துகள் சிலவே உள்ளன. அவற்றை வாரக் கணக்கில் கொடுத்தாக வேண்டும், சுரப்பி சுருங்குவதற்காக விதையையும் நீக்க வேண்டும். பூனைக்கு உண்டு, நாய்க்கு இல்லை என்று சொல்லத்தக்க இன்னொரு சுரப்பி இணையும் இருக்கிறது. குறியின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கும் அந்தக் குமிழ்ச் சுரப்பிகளுக்கு நோய் வருவது அபூர்வம். ஆயினும் அறுவை செய்யும் மருத்துவருக்கு அவை எல்லைக் கல் போன்றவை. அந்த இடம் வரை தாரை ஓரளவு அகலமாக இருக்கும், அதைத் தாண்டினால்தான் குறுகத் தொடங்குகிறது. புதிய வாய் அமைக்கும்போது அதுவரை போய்ச் சேர்ந்தோமா என்பதை வைத்துத்தான் அறுவையின் வெற்றி.

ஆண் பூனையின் சுரப்பிக் கோளாறு என்று உண்மையிலேயே நாங்கள் அடிக்கடி பார்ப்பது விதையைச் சேர்ந்தவற்றைத்தான். சண்டையில் கடிபட்டு விதைப்பை வீங்கிச் சீழ் வைப்பது ஒன்று. கடியின் வழியே பூனை எய்ட்ஸ் எனப்படும் வைரஸும் தொற்றக்கூடும் என்பதால் புண் ஆறியதோடு விட்டுவிடக் கூடாது. ஒரு விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிவிடுவது மற்றொன்று. பெர்ஷியன் இனத்தில் இது மற்றவற்றைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அடுக்குமாடியில் வளர்ந்த ஒரு பெர்ஷியன் பூனையை அழைத்துவந்தவர்கள், ஓராண்டுக்கு முன் வேறோர் இடத்தில் விதை நீக்கம் செய்தாகிவிட்டது, ஆனாலும் திரைச்சீலை எல்லாம் நாறும்படி பீய்ச்சுகிறது, சிறுநீர்த் தொற்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்று விதமான ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆண் பூனையின் குறியில் சிறு சிறு முட்கள் உண்டு. ஆண் ஹார்மோன் இருக்கும் வரைதான் அவை இருக்கும், விதையை நீக்கிய ஆறு வாரங்களுக்குள் மறைந்துவிடும். அந்தப் பூனைக்கு முட்கள் அப்படியே இருந்தன. வயிற்றுக்குள் ஒரு விதை ஒளிந்திருந்தது. வெளியே இருந்த ஒன்றை மட்டும் முன்பு அறுவை செய்த இடத்தில் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவதை எடுத்த பிறகு வாடையும் போயிற்று, பீய்ச்சலும் நின்றது. அதன் சிறுநீரில் முதலிலிருந்தே எந்தக் கிருமியும் இருக்கவில்லை.

காயடித்தால் நீர் அடைக்கும் என்ற பயமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. விதை நீக்கத்தால் சிறுநீர்த் தாரை குறுகுகிறதா என்று அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் விதை நீக்கிய பூனை சாப்பிடுவது கூடுகிறது, ஓடியாடுவது குறைகிறது, எடை போடுகிறது. வீட்டுக்குள்ளேயே அடைந்து, உலர் தீவனத்தை மட்டும் தின்று, தண்ணீரைத் தொடாத கொழுத்த ஆண் பூனைதான் அடைப்போடு வருவதில் முன்னணியில் இருக்கிறது. ஆகவே கத்தியின் மீது பழி போடுவதை விட்டு உணவுத் தட்டைப் பார்க்க வேண்டும். வேகவைத்த மீனையும் கோழியையும் அதன் சாற்றோடு கொடுப்பது, தண்ணீர்க் கிண்ணத்தைத் தீவனத்திலிருந்து தள்ளி வைப்பது, ஒரு பூனைக்கு ஒரு தட்டு என்றில்லாமல் கூடுதலாக இன்னொரு மணல் தட்டு வைப்பது ஆகியவை மாத்திரையைவிட அதிகம் உதவுகின்றன. கல் இருந்தால் உணவைத் தீர்மானிக்கும் முன் அது எந்த வகை என்று தெரிய வேண்டும்: மெக்னீசியம் சேர்ந்த ஸ்ட்ருவைட் கல் பூனைகளில் பெரும்பாலும் கிருமி இல்லாமலே உருவாவது, சிறப்பு உணவில் கரைந்துவிடும், கால்சியம் ஆக்சலேட் கரையாது. 1980-களில் ஸ்ட்ருவைட்டே மிகுந்திருந்தது. தீவன நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கும்படி தயாரிப்பை மாற்றிய பிறகு ஆக்சலேட் கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரையின் பெயரையும் அளவையும் நாளிதழில் அச்சிடுவது பற்றி என் கடுமையான ஆட்சேபத்தையும் பதிவு செய்கிறேன். பூனையின் கல்லீரல் நம்முடையதைப் போலப் பல மருந்துகளை முறித்து வெளியேற்ற வல்லதல்ல. வலிக்கு என்று கொடுக்கும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நமக்குச் சிறுநீர் எரிச்சலுக்கு எழுதிக்கொடுக்கும், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ஃபெனாசோபைரிடின் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கால்நடைக்கென்றே விற்கப்படும் என்ரோஃப்ளாக்சாசின் என்ற ஆன்டிபயாட்டிக்கூட அளவு மீறினால் விழித்திரையைக் கெடுத்துப் பூனையைக் குருடாக்கிவிடலாம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற நாள் வரம்பைத் தாண்டக் கூடாது. கோழிக்கும் நாய்க்கும் எழுதிய அளவைப் பூனைக்குப் பெயர்த்து எழுதினால் என்ன நேரும் என்பதற்கு இது ஒன்றே போதும். தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கால் மருந்துக்கு அடங்காத ஈ.கோலி பூனையின் குடலில் வளர்ந்தால், அது அதே வீட்டில் உள்ள குழந்தையின் கைக்கும் வரக்கூடும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நான் பணியாற்றிய மருந்தகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேண்டிய கருவிகள் ஓரளவு இருந்தன; ஆண் பூனைக்கு உரிய மெல்லிய கதீட்டர் ஒன்றுகூட இருந்ததில்லை, என் சொந்தச் செலவில் சில வாங்கி வைத்திருந்தேன். எங்களை மாட்டு டாக்டர் என்றே ஊரில் அழைப்பார்கள். அதில் வருத்தமில்லை, மாடுதான் வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனால் இன்று சிற்றூர்களிலும் பூனையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் வசதிகள் எல்லா மாவட்டத்துக்கும் வர நாளாகலாம். விலை குறைந்த அந்தக் குழாயும், சிறுநீர் மாதிரியைக் கல்ச்சருக்கு அனுப்பும் ஏற்பாடும் வர அத்தனை நாள் ஆக வேண்டியதில்லை.

கேள்வி கேட்டிருந்த வாசகரின் கடிதம் தங்களுக்கு வந்து, பதில் அச்சாவதற்கு இடையில் குறைந்தது ஒரு வாரமாவது கழிந்திருக்கும். சொட்டுச் சொட்டாகவேனும் சிறுநீர் வந்துகொண்டிருந்தது என்று அவர் எழுதியிருந்ததால் அந்தப் பூனை தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அவருடைய முகவரி தங்களிடம் இருக்குமானால், பூனை இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து எனக்கு ஒரு வரி தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுக் கால்நடை மருத்துவர் ஒருவர்,
தஞ்சாவூர்.